ஊர்ப் பணத்துல ஆம்புலன்ஸ் வாங்குறதா, ஆளுங்களைத் தயார் பண்றதா?

"எங்க குடியிருப்போர் சங்கத்துல பத்து லட்சம் போல சேர்ந்திருக்கு, போன மாசம் பக்கத்துத் தெருவுல ஒருத்தர் நெஞ்சுவலில ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள இறந்துட்டாரு, அதனால சொந்தமா ஆம்புலன்ஸ் ஒண்ணு வாங்கிடலாம்னு பாதிப் பேரு சொல்றாங்க, மீதிப் பேரு ஏஇடி மெஷின் (இதயம் நின்னு போனா ஷாக் கொடுக்குற பெட்டி) வாங்கலாம்ங்கறாங்க, என்ன பண்ணலாம்?" இந்தக் கேள்வியை இப்ப வேற வேற ஊர்க்காரங்க கிட்ட இருந்து கேட்டுட்டே இருக்கேன். அபார்ட்மெண்ட், டவுன் வியாபாரிகள் சங்கம், கோயில் கமிட்டி, வெளிநாட்டுல இருந்து ஊருக்குக் காசு அனுப்புற பசங்க குரூப்புன்னு ஆளு மாறுதே தவிர கேள்வி ஒண்ணுதான். ஒரு சாவுக்கப்புறம் வர்ற கேள்விங்கறதால எல்லாரும் மனசு கனத்துப் போய்த்தான் கேக்குறாங்க, அந்த வேகத்துலயே போய் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துடுறாங்க. அட்வான்ஸ் கொடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடணும்னுதான் எழுதுறேன்.

நான் பேசுறது தமிழ்நாட்டை வச்சு. இங்க அரசோட இலவச 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர்ல இருந்து ஓடுது, 1300-க்கு மேல வண்டி இருக்கு, பைக் ஆம்புலன்ஸ், பச்சைக் குழந்தைக்குத் தனி வண்டி எல்லாம் உண்டு. அதனால நம்ம காசுல புதுசா ஒண்ணு கட்டி எழுப்பப் போறதில்ல, ஏற்கனவே இருக்குறதுல எந்த இடத்துல ஓட்டை இருக்கோ அதை அடைக்கப் போறோம்.

## எதை வச்சு முடிவு பண்றது

முதல்ல நேரத்தைப் பிரிச்சுப் பாருங்க. ஆள் விழுந்ததுல இருந்து யாராவது போன் அடிக்கிற வரைக்கும் ஒரு துண்டு, போன்ல இடத்தைப் புரிய வைக்கிறது ஒரு துண்டு, வண்டி கிளம்பி நம்ம கேட்டுக்கு வர்றது ஒண்ணு, கேட்ல இருந்து படுத்திருக்குற ஆள் பக்கத்துல போறது ஒண்ணு, அங்கருந்து ஆஸ்பத்திரி கடைசித் துண்டு. நாம வாங்கப் போற பொருள் இதுல எந்தத் துண்டைக் குறைக்குதுன்னு கேளுங்க. பெரும்பாலான சங்கங்க மூணாவது துண்டை மட்டும்தான் யோசிக்குறாங்க. ஆனா இதயம் நின்னு போனா மார்பை அழுத்தாம விடுற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7-ல இருந்து 10 சதவீதம் குறையுது, நாலஞ்சு நிமிஷத்துல மூளை அடிபட ஆரம்பிச்சிடும், அந்த ஆளுக்கு முதல் துண்டுதான் உயிர்.

ரெண்டாவது, ராத்திரி ரெண்டு மணிக்கு இதை யாரு இயக்கப் போறா? பேர் சொல்ல முடியணும். "யாராவது இருப்பாங்க"ன்னு பதில் வந்தா அந்த ஐடியா வேலைக்கு ஆகாது.

மூணாவது, வாங்குற விலையை விட்டுட்டு அஞ்சு வருஷத்துச் செலவைக் கணக்குப் போடுங்க. நாலாவது, எத்தனை விதமான ஆபத்துக்கு இது உதவும்னு பாருங்க, நெஞ்சுவலி மட்டுமா, இல்ல விபத்து, பாம்புக்கடி, பக்கவாதம், பிரசவம், தீக்காயம் எல்லாத்துக்குமா. அஞ்சாவது, ஏதாவது தப்பாப் போனா யார் மேல வரும்.

## சொந்த ஆம்புலன்ஸ்

கண்ணுக்குத் தெரியுற பொருள், பக்கவாட்டுல சங்கத்துப் பேர் எழுதலாம், எம்.எல்.ஏ. வந்து கொடி அசைப்பாரு, அதனால எல்லாருக்கும் இது மேலதான் ஆசை. சின்ன வண்டின்னா சில லட்சத்துல முடிஞ்சிடும், டிராவலர் மாதிரி பெருசா எடுத்து உள்ள ஆக்சிஜன், மானிட்டர் எல்லாம் வச்சா இருபது லட்சத்தைத் தொடும். ஏஐஎஸ்-125ன்னு மத்திய அரசு விதி இருக்கு, அதுல ஆம்புலன்ஸை நாலு வகையாப் பிரிச்சிருக்காங்க. நோயாளியைப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும்னா ஒரு வகை, அடிப்படை சிகிச்சைக்கு ஒண்ணு, வென்டிலேட்டர் வரைக்கும் உள்ளதுக்கு ஒண்ணு, பைக்ல வர்ற முதலுதவிக்கு ஒண்ணு. சங்கங்க வாங்குறதுல பெரும்பாலானது படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போற வண்டி மட்டும்தான், ஆனா ஊர்ல எல்லாரும் அதை உயிர் காக்குற வண்டின்னு நினைச்சுக்குவாங்க. நம்பி ஏறுறவங்களுக்கு இது ரொம்ப ஆபத்து.

இப்ப ஆள் செலவைப் பாருங்க. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஆள் 48 மணி நேரம் வேலை பார்த்தா மூணரை ஆள் வேணும், லீவு, காய்ச்சல், தீபாவளி எல்லாம் சேர்த்தா நாலு டிரைவர். பின்னாடி உக்கார மருத்துவ உதவியாளர் நாலு பேர். எட்டு பேருக்குத் தலைக்கு 15,000 ரூபாய்னு குறைச்சு வச்சாலே மாசம் 1,20,000, வருஷம் 14,40,000. டீசல், இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), டயர், ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் தனி. பத்து லட்சம் வச்சிருக்குற சங்கம் வண்டியைச் சும்மா கொடுத்தா கூட ஒரு வருஷம் ஓட்ட முடியாது. அதனால என்ன நடக்கும்னா ஒரே ஒரு டிரைவரைப் போடுவாங்க, அவர் ராத்திரி தூங்குவாரு, போன் அடிச்சா எந்திரிச்சு சட்டை போட்டு வர்றதுக்குள்ள 108 வந்திருக்கும்.

இன்னொரு கணக்கையும் பாருங்க. ஒரு வண்டிதான் இருக்கு, அது ஒருத்தரை ஏத்திக்கிட்டு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, அந்த நேரம் ரெண்டாவது போன் வந்தா? நூத்துக்கணக்குல வண்டி இருந்து ஒரே கண்ட்ரோல் ரூம்ல இருந்து பிரிச்சு அனுப்புனாத்தான் இந்தச் சேவைக்கு அர்த்தம். இலங்கைல 1990 சுவசெரியங்கற இலவச ஆம்புலன்ஸ் சேவையை 2016-ல இந்திய உதவியோட ஆரம்பிச்சப்ப மேல், தென் மாகாணத்துக்கு மட்டுமே 88 வண்டியோட இறங்குனாங்க, யாழ்ப்பாணத்துக்கு 2018-ல வந்துச்சு. அதுவும் நம்ம 108 மாடல்தான்.

கொஞ்ச நாள்ல வண்டி வேற வேலைக்குப் போக ஆரம்பிக்கும்ங்கறதையும் சொல்லிடணும். டிஸ்சார்ஜ் ஆனவங்களைக் கூட்டிட்டு வர்றது, டயாலிசிஸுக்குப் போறவங்களை விடுறது, இறந்தவங்க உடலைக் கொண்டு வர்றது. இது எதுவும் தப்பில்ல, தேவைதான். 108 வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு விடாது, உடலையும் ஏத்தாது. அரசு ஆஸ்பத்திரில இறந்தா இலவச அமரர் ஊர்திக்கு 155377 இருக்கு, ஆனா டயாலிசிஸுக்கு வாரத்துல மூணு தடவை போய் வர்ற ஏழைக் குடும்பத்துக்கு ஆட்டோ காசே பெரிய பாரம். அந்த வேலைக்குன்னே தெளிவா முடிவு பண்ணி ஒரு சின்ன வண்டி வாங்குனா அது நல்ல காரியம், "எமர்ஜென்சி"ன்னு மட்டும் எழுதாதீங்க.

அப்ப ஆம்புலன்ஸ் எங்க சரி? மலை கிராமத்துல. ஜவ்வாது மலை, கொல்லிமலை மாதிரி இடங்கள்ல உள்ளடங்குன ஊர்ல இருந்து ஆளைத் துணியில தொட்டில் கட்டித் தூக்கிட்டு ரோட்டுக்கு வர்ற நிலைமை இன்னும் இருக்கு, அங்க கரடுமுரடு ரோட்டுல ஏறுற ஒரு ஜீப்பு, 108 வண்டி நிக்குற இடம் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தாலே போதும். அப்புறம் ஏற்கனவே ஆளும் அமைப்பும் இருக்குறவங்க, தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) மாதிரி வருஷக்கணக்கா வண்டி ஓட்டிட்டு இருக்குறவங்க, அவங்களுக்கு வண்டியைப் பராமரிக்கத் தெரியும், அவங்களுக்குக் காசு கொடுத்து உதவுறது புதுசா நாமளே ஆரம்பிக்கிறதை விட நல்லது.

## ஏஇடி மெஷின்

இதயம் தாறுமாறாத் துடிச்சு நின்னு போறப்ப ஷாக் கொடுக்குற பெட்டி. திறந்தா அதுவே பேசும், மார்புல ஒட்டுற பேடை எங்க ஒட்டணும், எப்ப தள்ளி நிக்கணும்னு சொல்லும், ஷாக் தேவையில்லைன்னா கொடுக்காது, அதனால தெரியாதவங்க எடுத்தாலும் பயம் இல்ல. விலை ஒரு லட்சத்துக்கு முன்ன பின்ன.

ஆனா இது ஒரே ஒரு நோய்க்கான மருந்து. நினைவு இருந்து நெஞ்சைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்குறவருக்கு இது தேவைப்படாது, விபத்துக்கோ பாம்புக்கடிக்கோ சுத்தமா உதவாது. அதோட பக்கத்துல மார்பை அழுத்தத் தெரிஞ்ச ஆள் இல்லாம வெறும் பெட்டியால பெரிய பிரயோஜனம் இல்ல.

கண்ணுக்குத் தெரியாத செலவு இதுலயும் இருக்கு. ஒட்டுற பேட் ரெண்டு வருஷம் போல ஆனா காலாவதி ஆகிடும், பேட்டரி நாலஞ்சு வருஷம், ரெண்டையும் தேதி பார்த்து மாத்த ஒரு ஆள் பொறுப்பா இருக்கணும். பெரும்பாலான மெஷினை 50 டிகிரிக்கு மேல சூட்டுல வைக்கக் கூடாது, நம்ம ஊர்ல வாட்ச்மேன் தகரக் கூண்டுக்குள்ள மே மாசம் என்ன சூடு இருக்கும்னு உங்களுக்கே தெரியும். சங்க ஆபீஸ்ல வச்சுப் பூட்டி, சாவி செக்ரெட்டரி கிட்ட, அவர் மகன் வீட்டுக்குப் போயிருக்காருன்னா அந்த ஒரு லட்சம் போச்சு. வாங்குறதுக்கு முன்னாடி தமிழ்ல பேசுற மாடலான்னு கேளுங்க, பேட் தனியா என்ன விலைன்னு எழுதி வாங்குங்க.

சிங்கப்பூர்ல இதை ஒழுங்காப் பண்ணிருக்காங்க, அங்க வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) குடியிருப்புகள்ல ரெண்டு பிளாக்குக்கு ஒண்ணுன்னு மாட்டி வச்சாங்க, அதோட 2015-ல மைரெஸ்பாண்டர்னு ஆப் கொண்டு வந்து, அவங்க ஆம்புலன்ஸ் நம்பர் 995-க்கு அழைப்பு வந்ததும் 400 மீட்டருக்குள்ள இருக்குற தன்னார்வலர் போனுக்குத் தகவல் போற மாதிரி இணைச்சிட்டாங்க. பெட்டி, ஆள், அழைப்பு மூணும் ஒண்ணா இருக்குறதாலதான் அங்க அது வேலை செய்யுது.

ஐநூறு வீட்டுக்கு மேல இருக்குற அபார்ட்மெண்ட், கல்யாண மண்டபம், ஜிம், பெரிய கோயில், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடைத்தெரு, வயசானவங்க நிறைய இருக்குற காலனி, இங்கெல்லாம் ஏஇடி நல்ல முடிவு. முன்னூறு வீடு நாலு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்குற கிராமத்துல ஒரு பெட்டி யாருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேராது.

## ஆளுங்களுக்குப் பயிற்சி

என் ஓட்டு இதுக்குத்தான், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

108 வர்ற வரைக்கும் அங்க இருக்கப் போறது நாமதான். வேற யாரும் இல்ல. மயங்கி விழுந்தவர் தட்டினா முழிக்கல, மூச்சு சரியா இல்ல, இல்ல விட்டு விட்டு ஏங்குற மாதிரி வருதுன்னா (அந்த ஏக்கத்தைப் பார்த்துட்டு "மூச்சு இருக்கு"ன்னு நிறைய பேர் சும்மா இருந்துடுறாங்க) மார்பு நடுவுல ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100-ல இருந்து 120 தடவை, 5-6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தணும். இதைக் கத்துக்க அரை நாள் போதும். அதே அரை நாள்ல ரத்தம் பீறிட்டா துணி வச்சு விடாம அழுத்துறது, தொண்டைல அடைச்சா என்ன பண்றது, விபத்துல அடிபட்டவர் கழுத்தைத் திருப்பாம ஹெல்மெட்டைக் கழட்டுறது, பாம்பு கடிச்ச கையைக் கயிறு போட்டு இறுக்காம, கீறாம, அசையாம வச்சு விஷமுறிவு ஊசி இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது வரைக்கும் சொல்லிக் கொடுத்துடலாம். ஒரே செலவுல இத்தனை விதமான ஆபத்துக்கு உதவுறது வேற எதுவும் இல்ல.

யாரைக் கூப்பிடணும்ங்கறதுல சங்கங்க சறுக்குறாங்க. சங்க மீட்டிங்குக்கு வர்ற பெரியவங்களுக்கே கிளாஸ் எடுத்துட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிடுறாங்க. நாள் முழுக்கத் தெருவுலயே இருக்குறவங்க யாருன்னு பாருங்க. ஆட்டோ ஸ்டாண்டு அண்ணனுங்க, டீக்கடை, பஞ்சர் கடை, இஸ்திரி வண்டி, ராத்திரி வாட்ச்மேன், அங்கன்வாடி அக்கா, மகளிர் குழு. பெண்கள் பாதியாவது இருக்கணும். விழுந்தது ஒரு பொண்ணுன்னா சுத்தி நிக்குற ஆம்பளைங்க தொடத் தயங்குறாங்க, அந்தத் தயக்கத்துல போற நிமிஷம் திரும்ப வராது.

செலவு பெருசா இல்ல. பயிற்சி கொடுக்குறவங்களுக்கு ஒரு தொகை, மார்பை அழுத்திப் பழக பொம்மை ஒண்ணு ரெண்டு, சாப்பாடு, அன்னிக்கு வேலையை விட்டுட்டு வர்ற ஆட்டோக்காரருக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரு நாள் கூலி. அந்தக் கூலியை விட்டுடாதீங்க, அது அவங்களுக்கு நாம கொடுக்குற மரியாதை.

இதுல மறைஞ்சிருக்குற செலவு வேற மாதிரி. கத்துக்கிட்டது ஆறு மாசத்துல கை மறந்துடும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது திரும்பப் பண்ணணும், முதல் வருஷம் நூறு பேர் வருவாங்க, ரெண்டாவது வருஷம் இருபது பேர். வாட்ஸ்அப் குரூப்பை மட்டும் நம்புனா ராத்திரி எல்லாரும் மியூட்ல இருப்பாங்க, அதனால தெருவுக்கு மூணு பேர்னு போன் நம்பர் பட்டியல் போட்டு போனே அடிக்கணும். ஆனா முதல் போன் 108-க்கு, ரெண்டாவதுதான் இவங்களுக்கு, இதை மாத்திடவே கூடாது.

இன்னொண்ணு, இதை யாரும் பேச மாட்டேங்கறாங்க. இருபது நிமிஷம் மார்பை அழுத்தியும் கண்ணு முன்னாடியே ஒருத்தர் இறந்துட்டா, அழுத்துன பையன் வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவான்? நான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேனோன்னு அவன் மனசு அரிக்கும். இறந்தவங்க சொந்தக்காரங்க ஒரு வார்த்தை தடிப்பாப் பேசிட்டா இன்னும் மோசம். நல்லா அழுத்தியும் பிழைக்காம போறவங்கதான் அதிகம்னு பயிற்சிலயே சொல்லிடணும், அப்புறம் மறுநாள் ரெண்டு பேர் போய் அவன் கூட உக்காந்து பேசணும். பத்து பைசா செலவில்லாத வேலை, ஆனா பண்ணலைன்னா அடுத்த தடவை அந்தப் பையன் கூட்டத்துல பின்னாடி நிப்பான்.

போலீஸ் கேஸ் ஆகிடுமோங்கற பயத்துக்கு: 2016-ல உச்ச நீதிமன்றம் உதவி செய்யுறவங்களுக்குப் பாதுகாப்பு வழிமுறையை உறுதி பண்ணுச்சு, 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துல 134ஏ பிரிவு வந்துச்சு, ரோடு விபத்துல நல்ல எண்ணத்தோட உதவுனவங்க மேல கேஸ் போட முடியாது, பேர் சொல்லுன்னு கட்டாயப்படுத்தவும் முடியாது. நம்ம மாநிலத்துல 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல விபத்துல சிக்குனவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், திட்டத்துல சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிலயும் உண்டு. உங்க ஏரியால எந்தெந்த ஆஸ்பத்திரி அந்தப் பட்டியல்ல இருக்குன்னு எழுதி ஆட்டோ ஸ்டாண்டுல ஒட்டுங்க.

## விலாசம், கேட், லிஃப்ட், போன்

மொத்தத்துலயே மலிவானது, பலன் உடனே தெரியும், ஆனா கொடி அசைக்க ஒண்ணும் இல்லங்கறதால யாரும் பண்ண மாட்டேங்கறாங்க.

108-க்கு அடிச்சா எடுக்குறது சென்னைல இருக்குற கண்ட்ரோல் ரூம், மாநிலம் பூரா அங்கதான் போகுது. "புதூர்ல மாரியம்மன் கோயில் பக்கம்"னா அவங்களுக்கு எந்தப் புதூர்னு தெரியாது. மாவட்டம், தாலுகா, ஊர், தெரு, அடையாளம்னு இந்த வரிசைல சொல்லணும், பைலட் (108 வண்டி டிரைவரை அப்படித்தான் சொல்வாங்க) திருப்பிக் கூப்பிடுவாரு, அந்த லைனை பிஸியா வச்சிருக்கக் கூடாது. இதை ஒரு அட்டைல உங்க தெருவுக்கே சரியா எழுதி எல்லார் வீட்டுக் கதவுக்குப் பின்னாடியும் ஒட்டுங்க, பதட்டத்துல சொந்த வீட்டு நம்பரே மறந்துடும். மெடிக்கல்னா நேரா 108, அடிதடி திருட்டுன்னா 112 இல்லைன்னா 100, தீன்னா 101, தேசிய நெடுஞ்சாலைல நடுவுல மாட்டிக்கிட்டா 1033, அங்க கிலோமீட்டர் கல்லு நம்பரைச் சொன்னா போதும். போன் லாக்ல இருந்தாலும் 112 போகும்ங்கறதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லி வைங்க.

அப்புறம் தெருப் பேர்ப் பலகை. பழைய நம்பர் புது நம்பர் குழப்பம். ராத்திரி டார்ச் அடிச்சா மின்னுற ஸ்டிக்கர்ல வீட்டு நம்பர். 2025-ல அஞ்சல் துறை டிஜிபின் (DIGIPIN)ங்கற பேர்ல ஒவ்வொரு 4 மீட்டர் கட்டத்துக்கும் பத்து எழுத்துக் குறி கொண்டு வந்திருக்காங்க, எதிர்காலத்துக்கு நல்லதுதான், இன்னிக்கு ராத்திரிக்குப் பலகைதான் வழி காட்டும்.

கேட்டுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு தடவை நான் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன். சொந்தக்காரங்க அபார்ட்மெண்ட், மூணாவது மாடி, மாமாவுக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கிச்சு. வண்டி சீக்கிரமாவே வந்துடுச்சு. ஆனா கேட் முன்னாடி பைக்கு, ஹேண்டில் லாக் போட்டது. ஸ்ட்ரெச்சர் ஆறடிக்கு மேல நீளம், லிஃப்ட்டோட ஆழம் நாலடி கூட இல்ல. மாடிப்படில ஷூ ரேக்கு, சைக்கிள், பூந்தொட்டி. வந்தவங்க பைலட்டும் உதவியாளரும்னு ரெண்டே பேர், மாமா எடை எண்பது கிலோவுக்குக் குறையாது. கடைசில வீட்டுல இருந்த பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு நாலு பேர் பிடிச்சு இறக்குனோம், சேரோட காலு ஒண்ணு வளைஞ்சு போச்சு. பக்கவாதத்துக்கு நிமிஷக் கணக்கு, அதுல ஒரு பெரிய பங்கு இந்த மாடிப்படில போச்சு.

இதுக்கு வேண்டியது என்னன்னா, கேட்ல வண்டி நிக்காத மஞ்சக் கட்டம், மாடிப்படில பொருள் வைக்கக் கூடாதுன்னு ஒரு தீர்மானம், கைப்பிடி வச்ச துணி ஸ்ட்ரெச்சர் ஒண்ணு, அதைத் தூக்கிப் பழகுன நாலு பேர், தெருமுனைல போய் நின்னு வண்டிக்குக் கை காட்ட ஒரு ஆள். தீயணைப்பு வண்டி வந்தாலும் இதே வழிதான். மறைமுகச் செலவு பணத்துல இல்ல, அக்கம்பக்கத்துச் சண்டைல. பைக்கை நகர்த்தச் சொன்னா மூஞ்சி திருப்புவாங்க, ஷூ ரேக்கு எடுக்கச் சொன்னா "உன் வீட்டைப் பாரு"ம்பாங்க. அதைத் தாங்குற செக்ரெட்டரி வேணும்.

## 108 ஊழியர்களுக்குக் கை கொடுக்குறது

நிறைய ஊர்ல 108 வண்டி அழைப்பு இல்லாத நேரத்துல மரத்தடியிலயும் பங்க் ஓரத்துலயும் நிக்குது. உள்ள இருக்குற ரெண்டு பேருக்கும் பன்னெண்டு மணி நேர டூட்டி. அதுல பெண் உதவியாளர்களும் உண்டு, அவங்க கழிப்பறைக்கு எங்க போவாங்கன்னு ஊர் யோசிச்சிருக்கா? ஒரு ரூம், ஃபேன், தண்ணி, கழிப்பறை, மானிட்டரைச் சார்ஜ் போட ஒரு பிளக். சமுதாயக் கூடத்துல ஒரு மூலையை ஒதுக்குனாலே போதும். ஒரு நிபந்தனை, ரூம் கொடுத்துட்டோம்ங்கறதுக்காக வண்டி நம்ம தெருவுலயே நிக்கும்னு எதிர்பார்க்கக் கூடாது, எங்க தேவையோ அங்க அனுப்புறது கண்ட்ரோல் ரூம்தான்.

லேட்டா வந்துட்டாங்கன்னு அவங்களை அடிக்கிறதும் நடக்குது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குறதுக்கு எதிரா தமிழ்நாட்டுல 2008-லயே சட்டம் இருக்கு, ஆனா சட்டம் வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல நிக்குற நாலு பேர் "தள்ளி நில்லுங்கண்ணே, அவங்க வேலையைப் பார்க்கட்டும்"னு சொல்லணும். நோயாளியோட மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு அட்டை, எப்ப ஆரம்பிச்சதுங்கற நேரம் இதையெல்லாம் கையில கொடுத்துட்டா அவங்க பாதி வேலை முடிஞ்சிடும்.

## ஒரே பார்வைல

விலை எல்லாம் தோராயம்தான், உங்க ஊர்ல விசாரிச்சுக்கோங்க.

| வழி | எந்த நேரத்தைக் குறைக்கும் | ஆரம்பச் செலவு | வருஷச் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| சொந்த ஆம்புலன்ஸ் | வண்டி வர்ற நேரம், அதுவும் ஆள் இருந்தா | பல லட்சம் | 15 லட்சத்துக்கு மேல | மலை கிராமம், ஏற்கனவே வண்டி ஓட்டுற அமைப்பு |
| ஏஇடி | இதயம் நின்ன முதல் சில நிமிஷம் | 1 லட்சம் போல | பேட், பேட்டரி | கூட்டம் கூடுற இடம், பெரிய அபார்ட்மெண்ட் |
| பயிற்சி | விழுந்த நொடில இருந்து வண்டி வர்ற வரை | சில பத்தாயிரம் | திரும்பப் பயிற்சி | எல்லா ஊருக்கும் |
| விலாசம், கேட், படி | அழைப்பு நேரம், கேட்ல இருந்து ஆள் வரை | சில பத்தாயிரம் | ஒண்ணும் பெருசா இல்ல | அபார்ட்மெண்ட், நெருக்கமான தெரு |
| 108-க்கு ரூம் | ஊழியர் களைப்பு, ஒப்படைக்கிற நேரம் | இடம் இருந்தா குறைவு | கரண்டு, சுத்தம் | வண்டி நிக்குற டவுன், பஞ்சாயத்து |

## அந்தப் பத்து லட்சத்தை எப்படிப் பிரிப்பேன்

டவுன் காலனியா இருந்தா முதல்ல பலகை, ஸ்டிக்கர், அட்டை, துணி ஸ்ட்ரெச்சர். அடுத்து தெருவாரியாப் பயிற்சி, ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு அஞ்சு வருஷத்துக்கான பணத்தை இப்பவே பேங்க்ல தனியாப் போட்டு வச்சிடுவேன், இல்லைன்னா அடுத்த கமிட்டி அதைப் பெயிண்ட் அடிக்க எடுத்துடும். பயிற்சி எடுத்தவங்க ஐம்பது பேர் சேர்ந்ததுக்கு அப்புறம்தான் ஏஇடி, அதுக்கு முன்னாடி வேணாம். மீதியை வச்சு 108 ரூம். அதுக்கப்புறமும் காசு இருந்தா டயாலிசிஸ் நோயாளிகளுக்கு மாசாமாசம் ஆட்டோ வாடகை கொடுக்கலாம், சொந்தமா வண்டி வாங்குறதை விட அது நிறைய குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.

கிராமம்னா ஏஇடியை விட்டுடுங்க, பாம்புக்கடிக்கும் விபத்துக்கும் பயிற்சில நேரம் கூட்டுங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விஷமுறிவு மருந்து இருப்பு இருக்கான்னு கேக்க ஒருத்தரைப் பொறுப்பாப் போடுங்க. ராத்திரில கார் எடுக்கத் தயாரா இருக்குற நாலு வீட்டோட நம்பரும் அந்தக் கதவு அட்டைல இருக்கட்டும்.

எதுல காசு போடுறதா இருந்தாலும் முதல்ல உங்க மாவட்டத்து 108 மேலாளரைப் போய்ப் பாருங்க. எங்க ஏரியாவுக்கு வர்ற வண்டி எங்க நிக்குது, எந்தத் தெருவுல வழி தேடி நேரம் போகுதுன்னு கேளுங்க. முடிஞ்சா உங்க பக்கம் வர்ற பைலட் கிட்டயே பேசுங்க, எந்த கேட்ல எத்தனை நிமிஷம் நிக்க வேண்டியிருக்குன்னு அவருக்கு மனப்பாடமாத் தெரியும்.